கழற்றாத பூட்டு

கடலோரத் துணைமின் நிலையத்தில் அவளை எல்லோரும் 'சுவிட்ச் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கடலுக்குள் வெகுதூரத்தில் நிற்கும் காற்றாலைகளின் மின்சாரம் கரையேறும் இடம் அது. எந்த பிரேக்கரைப் போடுவது, எதை எடுப்பது, எந்த கேபிளில் ஆட்கள் இறங்கி வேலை பார்க்கலாம், வேலை முடிந்தபின் எப்போது மறுபடி மின்சாரம் விடலாம் என்று முடிவு சொல்வது அவள் பொறுப்பு. அவள் வாயிலிருந்து 'சரி' வராமல் அங்கே ஒரு கைப்பிடியைக்கூட யாரும் திருப்பக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா கேட்டாள்: "அப்படி என்னதான்டி அங்க பண்ற?"

அவள் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள். "கடல்ல வரிசை வரிசையா காத்தாலை நிக்குதும்மா. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் கரெண்ட் தரும். அதையெல்லாம் நடுக்கடல்ல ஒரு இரும்பு மேடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பாங்க. அங்க ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் கரெண்டோட அழுத்தத்தை ஏத்திவிடும். அழுத்தம் கம்மியா அனுப்பினா வழியிலயே சூடாகி வீணாப்போயிடும். அப்புறம் கடலுக்கடியில புதைச்ச கேபிள் வழியா எங்ககிட்ட வரும். நாங்க அதை ஒழுங்குபண்ணி ஊருக்குப் போற லைன்ல சேர்த்துவிடுவோம்."

"சின்னச் சின்ன ஓடையெல்லாம் ஏரியில சேர்ற மாதிரி."

"ஆமா."

"அப்போ நீ மதகு திறக்கிறவ. இதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?"

அம்மா அப்படித்தான். தையல் கம்பெனியில் கழுத்து ஒடியத் தைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். அப்பா ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை, அதன்பிறகு அவரைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. தம்பி அப்போது கைக்குழந்தை. அம்மா தைக்கப் போன நேரமெல்லாம் அவன் அக்காவின் இடுப்பில்தான் வளர்ந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அவள் பாடம் படிப்பாள். புத்தகத்தை அவன் கிழிப்பான்.

எலக்ட்ரீஷியன் படிப்பில் அவள் வகுப்பில் வேறு பெண்ணே இல்லை. கம்பத்தில் ஏறமாட்டாள் என்று பையன்கள் பந்தயம் கட்டினார்கள். ஏறினாள். இறங்கத்தான் பயமாக இருந்தது, அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு ஊருக்குள் இருந்த சிறிய துணைமின் நிலையத்தில் உதவியாளர் வேலை. கடற்கரையில் புதிய நிலையம் வந்தபோது அங்கே மாற்றிக்கொண்டு போனாள். நடுவில் கல்யாணமும் ஆயிற்று. மனிதர் நல்லவர்தான். ஆனால் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு இல்லாத மனைவி அவருக்கு ஒத்துவரவில்லை. கூச்சல் குழப்பம் இல்லாமல் இருவரும் விலகிக்கொண்டார்கள்.

தம்பி வளர்ந்தான், வாய்தான் அவனைவிட வேகமாக வளர்ந்தது. எந்த வேலையிலும் காலூன்றி நிற்கமாட்டான். போன இடமெல்லாம் முதலாளியைக் கிண்டல் செய்துவிட்டு வந்து நிற்பான். கடைசியில் அவள்தான் அவனை மெக்கானிக் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். அவள்தான் மேனேஜரிடம் சொல்லி, நடுக்கடல் மேடையில் பராமரிப்பு வேலையும் வாங்கிக் கொடுத்தாள். "கடலுக்குள்ள எதுக்குடி அவனை அனுப்புற?" என்று அம்மா கேட்டபோது, "கரையில இருந்தா ஊர் சுத்தியே கெட்டுப்போவான்மா" என்றாள்.

மேடை வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. சில நாள் அங்கே, சில நாள் வீட்டில். வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே கதையைச் சொல்லிச் சிரிப்பான். ஒரு நகரத்துக்கே போகும் மின்சாரம் அந்த மேடை வழியாகத்தான் போகிறது. ஆனால் கரையோடு உள்ள தொடர்பு அறுந்துவிட்டால் மேடையில் ஒரு பல்பு எரியாது. எவ்வளவு பேய்க்காற்று அடித்தாலும் காற்றாலைகள் தாமாக மின்சாரம் தராது. கரையிலிருந்து மின்னழுத்தம் வந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு அவை வேலையைத் தொடங்கும். "பெரிய பணக்கார வீடுக்கா. ஆனா தீப்பெட்டிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகணும்" என்பான்.

அந்தப் புயல் சாயங்காலம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது.

கடலிலிருந்து நிலையத்துக்கு இரண்டு கேபிள்கள் உண்டு. இரண்டாவது கேபிளை அன்று பரிசோதனைக்காக நிறுத்தியிருந்தார்கள். அதில் வேலை பார்த்த, கேபிள்களை இணைக்கும் ஜாயிண்டர் குழுவின் தலைவரை 'ஆமை' என்று கூப்பிடுவார்கள். நடையும் மெதுவு, பேச்சும் மெதுவு, வேலை அதைவிட மெதுவு. ஆனால் அவர் இணைத்த கேபிள் ஒன்றுகூட இதுவரை பிரிந்ததில்லை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் சம்பளப் பிரிவுக்கே அடையாளம் தெரியாது. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. அவருடைய பூட்டின் மேல் நண்பர்கள் வெள்ளைப் பெயிண்டால் ஒரு ஆமை வரைந்திருந்தார்கள்.

பூட்டு விவகாரம் இதுதான். கேபிளை நிறுத்தியதும் அதன் சுவிட்சின் சாவியை ஒரு சிவப்பு இரும்புப் பெட்டிக்குள் போடுவார்கள். வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவார். வேலை முடிந்து வந்து தன் பூட்டைத் தானே கழற்ற வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் பெட்டி திறக்காது, கேபிளில் மின்சாரம் விட முடியாது. பூட்டுக்குரிய ஆளைக் கண்ணால் பார்க்காமல், அல்லது குரலைக் காதால் கேட்காமல், யாரும் பூட்டில் கை வைக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களிடம் அவள் கறாராகச் சொல்வாள்: "இதைப் பூட்டுன்னு நினைக்காதீங்க. உள்ள ஒரு ஆள் இருக்காருன்னு நினைங்க."

காற்று திடீரென்று வலுத்ததும் ஜாயிண்டர் குழு வேலையை முடித்துவிட்டு அவசர அவசரமாகக் கிளம்பியது. இரண்டு வேன்கள் வாசலில் நின்றன. ஒவ்வொருவராக வந்து பூட்டைக் கழற்றினார்கள். அவள் முன்னால் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் முதல் கேபிள் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றது.

வெளியே டிரான்ஸ்பார்மர்களின் ரீங்காரம் சட்டென்று அடங்கியதில்தான் அவளுக்கு முதலில் தெரிந்தது. அந்த இரைச்சல் இல்லாமல் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் கடல் முழுவதும் சிவப்பாகிவிட்டது. உடனே வயர்லெஸில் தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, என்ன இது? பில் கட்டலன்னு கரெண்டைப் புடுங்கிட்டீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஜெனரேட்டரைப் போடுங்கடா."

"போட்டாச்சு. ரெண்டு தும்மல் தும்மிட்டு நின்னுடுச்சு. நான் போய்ப் பாக்குறேன்."

அடுத்து வந்தது தம்பியின் குரல் அல்ல. மேடையில் மூத்தவரான மேஸ்திரியின் குரல். அவருக்கு வார்த்தை கோவையாக வரவில்லை. ஜெனரேட்டர் அறையின் இரும்புக் கதவைக் காற்று அறைந்ததாம். தம்பி அதில் அடிபட்டு இரும்புப் படிகளில் கீழ்த்தளம்வரை உருண்டானாம். தொடை எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. இறுகக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை.

அவள் வாய் தானாகக் கேள்வி கேட்டது. ஹெலிகாப்டர்? இந்தக் காற்றில் பறக்காது. படகு? பக்கத்தில்தான் இருந்தது, மேடைக்கு அடியில் வந்து அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அவனை ஏணி வழியாக இறக்க முடியாது. ஸ்ட்ரெச்சரில் கட்டி கிரேன் மூலமாகத்தான் இறக்க வேண்டும். கிரேனுக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி வயர்லெஸுக்கும் சில விளக்குகளுக்கும்தான் தாங்கும்.

முதல் கேபிள் பழுதாகிவிட்டது, இனி இரண்டாவது கேபிள் ஒன்றுதான் வழி. அவள் எழுந்து ஓடிப்போய்ச் சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளை ஆமை.

ஆமையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. முதல் வேனில் இருந்தவர்கள், "அண்ணன் அடுத்த வேன்ல இருக்காரே" என்றார்கள். அடுத்த வேனுக்குத் தொடர்பே கிடைக்கவில்லை. அவருடைய வீட்டுக்குப் போட்டாள். மனைவி எடுத்து, "இன்னும் வரலியேம்மா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றார்.

மேனேஜர் வந்து நின்றார். கையில் பூட்டு வெட்டும் கட்டர். "இங்க பாரும்மா. அவர் வேன்லதான் போயிருக்கார். பூட்டை மறந்துட்டுப் போயிட்டார். வெட்டிடு."

"பாக்காம எப்படி சார்?"

"அங்க கிடக்கிறது உன் தம்பிம்மா. நான் உனக்காகச் சொல்றேன்."

அப்போதுதான் வயர்லெஸை யாரோ தம்பியின் வாயருகில் கொண்டுபோயிருக்க வேண்டும். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பேசுவானே, அந்தக் குரல்.

"அக்கா... வலிக்குதுக்கா. முடியல. சீக்கிரம் கரெண்ட் குடுக்கா."

அவள் கட்டரை வாங்கினாள். ஆமையின் முகத்தை நினைக்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, பூட்டின் வளையத்தில் கட்டரின் வாயை வைத்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினாள். கட்டர் வழுக்கியது. வளையத்தில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வழுக்கியது. "இது மொக்கை, ஸ்டோர்ல பெரிசு இருக்கு" என்று மேனேஜர் ஓடினார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயர்லெஸில் தம்பி இன்னும் அக்கா அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ஆமையின் மனைவி.

"ஏம்மா, ரெண்டாவது வேன் தெருமுனைக்கு வந்துடுச்சு. இவர் அதுல ஏறவே இல்லையாமே. டிரைவர் சொல்றார். அங்கதானே இருக்கார்?"

"பாக்குறேன் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் பெரிய கட்டரோடு வந்தார். அவள் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "வெட்டாதீங்க சார். அவர் இங்கதான் எங்கேயோ இருக்கார்."

"உன் தம்பி செத்துடுவான்மா!"

"தெரியும் சார். வெட்டாதீங்க."

அவள் திரும்புவதற்குள் அவர் வெட்டிவிடுவாரோ என்ற பயத்தில் அந்தப் பெரிய கட்டரைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினாள். வாசல் காவலாளி என்ன ஏதென்று கேட்காமலே பின்னால் ஓடிவந்தார். திறந்தவெளி சுவிட்ச்யார்டில் இல்லை. கட்டடத்துக்கு அடியில் கேபிள்கள் வந்து ஏறும் நிலவறையில் இல்லை. அவள் கத்திய கத்தலைக் காற்று அவள் வாயிலேயே திருப்பி அடைத்தது. கடைசியில் வேலிக்கு வெளியே, கடல் கேபிளும் தரை கேபிளும் சேரும் குழிக்கு ஓடினாள்.

குழியின் இரும்பு மூடி பாதி திறந்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஆமையின் முகம் மட்டும் தெரிந்தது. ஏணி சரிந்து, இடுப்பு எலும்பு உடைந்து, சுவரில் பதித்திருந்த கேபிள் இணைப்புப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் அவர் மூழ்காமல் இருந்தார். மின்சாரம் வந்திருந்தால் முதலில் எந்தப் பெட்டி அவரைக் கொன்றிருக்குமோ, அந்தப் பெட்டியை.

அவளும் காவலாளியும் கயிற்றைக் கட்டி எப்படி அவரை மேலே இழுத்தார்கள் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. அவர் பல் தந்தியடிக்கப் பேசினார். "இணைப்புப் பெட்டி மூடி... சரியா இறுகலையோன்னு ஒரு சந்தேகம்மா. அதான் திரும்பி வந்தேன். சட்டை நனையுமேன்னு கழட்டி... மேல வச்சேன். போன், சாவி எல்லாம்... காத்துல போச்சு."

"அண்ணே, மன்னிச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மூடி இறுக்கியாச்சா? கரெண்ட் விடலாமா?"

ஆமை கண்ணை மூடி யோசித்தார். அவர் என்றைக்கும் யோசித்துத்தான் பதில் சொல்வார். அவருடைய தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் அவளுக்கு வெறி வந்தது.

"மேல ரெண்டு போல்ட் முதல்லயே இறுக்கிட்டேன்... கீழ ஒண்ணு..."

"அண்ணே!"

"கீழ ரெண்டும் இறுக்கிட்டேன். அப்புறம்தான் ஏணி சரிஞ்சுது. விடலாம். பூட்டை வெட்டிக்கம்மா."

காவலாளியை அவரோடு விட்டுவிட்டு அவள் திரும்பி ஓடினாள். இந்த முறை பூட்டு ஒரே அழுத்தில் அறுந்து விழுந்தது. வேலைக்காகக் கேபிளில் போட்டிருந்த எர்த் இணைப்பை எடுத்தாள். ஒவ்வொரு சுவிட்சையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். ரீங்காரம் திரும்பியது. "லைட் வந்துடுச்சு!" என்று மேஸ்திரி வயர்லெஸில் அழுதார். கிரேன் அசைந்தது. தம்பியைப் படகில் இறக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அவள் சுவரோரக் குழாயில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

தம்பி பிழைத்தான். காலை எடுத்துவிட்டார்கள், முழங்காலுக்கு மேலேயே. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்கத் தேவையில்லை. அதைத்தான் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு விஷயத்தை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் வைத்துக் கேட்டாள்.

"சுவிட்ச் உன் கையிலதானேடி இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அவன் அக்கா அக்கான்னு கத்தினானாமே?"

"கத்தினான்மா."

அம்மா திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அம்மா மூட்டையாகச் சுருட்டிய போர்வையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள்.

நிலையத்தில் ஒரு கூட்டம் போட்டு அவளைப் பாராட்டினார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றிய உறுதி என்று மேனேஜர் பேசினார். கட்டரை யார் கொண்டுவந்து கொடுத்தது என்பது அந்தப் பேச்சில் வரவில்லை. கட்டரை வாங்கி அழுத்தியது யார் என்பதும் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உறுதியாம். கட்டர் மொக்கையாக இல்லாமல் இருந்திருந்தால்? அண்ணி போன் செய்யச் சற்றுத் தாமதித்திருந்தால்?

வீட்டில் தம்பி முன்னறைக் கட்டிலிலேயே கிடந்தான். அவள் வீட்டில் இருக்கும்போது சாப்பிட எழுந்து வரமாட்டான். அம்மா தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். செயற்கைக் கால் வந்தது, மாட்டிப் பார்த்துவிட்டு மூலையில் சாய்த்து வைத்தான். ஒருநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நானா இருந்தா வெட்டியிருப்பேன்க்கா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "நானும் வெட்டத்தான் போனேன்டா. ரெண்டு தடவை. வழுக்கிடுச்சு."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். அவள் நிற்கவில்லை. பஸ்ஸில் போகும்போது, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். காலை இழந்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்? இன்னொரு மனிதனையும் சேர்த்துச் சாகடித்திருப்பேன் என்று சொல்வது எந்த விதத்தில் பாசம்?

ஆமை குணமாகி நடக்கவே பல மாதங்கள் ஆயின. நடக்கத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வருவதாகச் சொல்லவும் இல்லை. கதவைத் திறந்த அம்மா அவரை உள்ளே வாங்க என்று சொல்லாமல் வழியை மட்டும் விட்டு நகர்ந்தாள். அவருக்குப் பின்னால் மனைவி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து முன்னறை முழுவதும் கேட்கும். ஆமை நாற்காலியில் உட்காருவதற்கே வெகுநேரம் எடுத்தது. டி.வி.யில் ஏதோ ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'நல்லா இருக்கியா தம்பி' என்று அவர் கேட்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அவர் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது.

கட்டில் கிறீச்சிட்டது. தம்பி எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

ஆமை மெதுவாகச் சொன்னார்: "முதல்ல இடுப்பு வரைக்கும். அப்புறம்... இதோ, இது வரைக்கும்."

"கத்தினீங்களா?"

"கத்தினேன்பா. தொண்டை போற வரைக்கும் கத்தினேன்."

"நானும்தான் கத்தினேன்" என்றான் தம்பி.

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் கை அடுப்பை அணைக்கப் போகவில்லை. முன்னறையில் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தமும், பிறகு, "அந்த பிஸ்கட்டைப் பிரிச்சு வைம்மா, ஏன் நின்னுக்கிட்டே இருக்க?" என்று ஆமையின் மனைவியிடம் அதட்டுவதும் கேட்டது.